ஹாலேக்குப் போகாத கடிதங்கள்

1707-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி தரங்கம்பாடி சீயோன் கோயிலில் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஐவருமே டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தமிழ் லுத்தரன் சபை என்று இன்று நாம் சொல்வது அந்த ஐந்து பேரிடமிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14-இல் அவர்களுக்கென்று ஒரு சிறு கோயில் எழுந்தது. அதைக் கடல் அழித்த பின், 1717 பிப்ரவரியில் கல் நாட்டி 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை செய்ததுதான் இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் புது எருசலேம் கோயில். நாலு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23-இல், அதைக் கட்டிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 36 வயதில் கண்மூடினார். அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம்.

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய தேதிகளை இப்படிச் சரளமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த மிஷனரிகள் எழுதினார்கள். நாட்குறிப்பு, கணக்கு, கடிதம் என்று எழுதிக் கப்பலேற்றி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். அங்கே பிராங்கே நிறுவனத்தார் 1710 முதல் 1772 வரை அவற்றைத் தொடர்ச்சியாக அச்சிட்டார்கள். தமிழர்கள் எழுதிய 99 கடிதங்களும் அப்படித்தான் ஜெர்மன் மொழிக்குப் போயின. சாமி, சடங்கு, திருமணம், மருத்துவம் என்று அவற்றில் வராத விஷயம் இல்லை. ஆரோன், ராஜநாயக்கன் போன்ற நம்மவர்கள் ஊர் ஊராய்ப் போய்வந்து எழுதித் தந்த குறிப்புகளும் அதே ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன.

அந்தப் பக்கம் படிக்க ஆள் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், யார் செத்தார்கள், யார் சபையை விட்டுப் போனார்கள் என்று எழுதியே தீர வேண்டும். கட்டாயத்தால் எழுதிய எழுத்துதான், ஆனால் அந்தக் கட்டாயம் நமக்கு ஒரு சமூகத்தின் முதல் அறுபது வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

இனி இந்தப் பக்கம் வருவோம். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கில அரசு வெளியேற்றியது. சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919 ஜனவரி 14-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் காலில் நின்றது. 1921-இல் சுவீடன்காரரான ஹூமன் முதல் பேராயர் ஆனார். 1956-இல் ராஜா மாணிக்கம் வந்தார், தமிழர் ஒருவர் அந்தப் பீடத்தில் அமர்ந்தது அப்போதுதான். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றுகூடியபோது லுத்தரன்கள் சேராமல் தனியே நின்றார்கள். அதனால்தான் தரங்கம்பாடி ராஜ வீதியில் சீயோன் கோயில் ஒரு திருச்சபைக்கும், புது எருசலேம் கோயில் இன்னொரு திருச்சபைக்கும் உரியவையாக ஒரே தெருவில் நிற்கின்றன. பேராயருக்குப் பட்டம் தரங்கைப் பேராயர், இருப்பு திருச்சிராப்பள்ளி.

இவ்வளவும் மேலே நடந்தவை. கீழே, சபையில், கோயில் தரையில் என்ன நடந்தது? 1707-இல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரைப் பற்றி நூலகத்தில் படிக்கலாம். 1957-இல் அதே சபையில் திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் படிக்க எங்கே போவது?

என் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் போனதிலிருந்துதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை. டெல்டாவில் உள்ள ஒரு சிறிய லுத்தரன் சபை. குருமனையில் கேட்டேன். பரணில் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏறிப் பார்த்தால் நாலு பெரிய பதிவேடுகள், மழையில் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒன்றைப் பிரிக்கப் போக நடுப்பக்கங்கள் கரையான் மண்ணாய் உதிர்ந்து என் வேட்டியில் கொட்டின. அடுத்ததில் பாட்டி இருந்தாள். நீல மையில் ஒரே ஒரு வரி. பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தகப்பன் பெயர், தாய் பெயர். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் "பண்ணையாள்". ஞானத்தாய் என்ற கட்டத்தில் ஒரு பெயர், பக்கத்தில் "விடுதி மேட்ரன்". கடைசியில் ஐயர் கையெழுத்து.

அந்த ஒற்றை வரி எனக்கு என்னவெல்லாம் சொன்னது! பண்ணையாள் மகளுக்கு விடுதி மேட்ரன் ஞானத்தாயாக நின்றிருக்கிறார். அந்த ஒரு உறவால்தான் பாட்டி விடுதிக்குப் போனாள், ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள், கடிதம் எழுதக் கற்றாள், என் தகப்பனாரைப் படிக்கவைத்தாள். எங்கள் குடும்பக் கதையின் கீல் அந்தக் கட்டத்தில் இருந்தது. பாட்டி இதை ஒருநாளும் சொன்னதில்லை. சபைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். குருமனை வெள்ளையடித்தபோது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. அவற்றைக் கேட்டு அதுவரை யாரும் போனதில்லை.

தரங்கம்பாடிக்கு 1926-இல் மாயவரத்திலிருந்து ரயில் வந்தது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று வரும். 1986-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ரயில் வந்ததையும் நின்றதையும் சபை வரலாற்றின் பெரிய தேதிகளாகவே நான் கருதுகிறேன். வேலை தேடி வெளியூர் போன குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் ஊர் திரும்பிய வழி அது. அது நின்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் இருந்தவர்கள் அங்கேயே ஒரு சபையில் பெயரைப் பதிந்துகொண்டார்கள், ஊர்ச்சபை கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் வரும் இடமாகச் சுருங்கியது. டெல்டாவின் பல சிற்றூர்ச் சபைகளில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்கும் முன்னால் கடல் கடந்தவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் சபை தோட்ட வேலைக்கும் ரயில் வேலைக்கும் போன தமிழ் லுத்தரன்களிடமிருந்து முளைத்தது. அவர்களுடைய சந்ததியில் தன் பூட்டனாரின் ஊரைத் தேடி வருகிறவருக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்?

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது, 2020-இல்தான் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பல காலமாகத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊர்தான். ஆனாலும் அந்தக் காலை வேறு. அதிகம் இழந்தவர்கள் மீனவக் குடும்பங்கள். பின்னர் நாடு நாடாக உதவி வந்தது, லுத்தரன் அமைப்புகளின் உதவியும் வந்தது, வீடுகள் கட்டினார்கள். உதவி செய்தவர்களுக்கு அறிக்கைகள் போயின. இங்கேயும் பாருங்கள், எழுத்து வெளிநாட்டு வாசகருக்காக நடந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அந்த வாரம் கதவைத் திறந்துவைத்தவர் யார், சோறு பொங்கியவர் யார், மீனவர் குப்பத்துக்கும் கோயில் தெருவுக்கும் இடையில் அன்று என்ன பேச்சு நடந்தது என்பதையெல்லாம் தமிழில் எழுதிவைக்க வேண்டிய கடமை அந்த ஊர்ச் சபைக்காரர்களுக்கு இருக்கிறது. அன்று இருபது வயது இருந்தவர்களுக்கு இன்று நாற்பதுக்கு மேல். நினைவு இன்னும் கலையவில்லை.

விழாக்களுக்குக் குறைவில்லை. 2006-இல் சீகன்பால்கு வந்திறங்கிய முந்நூறாம் ஆண்டு, 2018-இல் கோயிலின் முந்நூறாம் ஆண்டு, 2019-இல் திருச்சபையின் நூற்றாண்டு. 2017-இல் அவர் வாழ்ந்த வீட்டைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினார்கள், ஹாலேக்காரர்களின் கை அதில் பெரிது. நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். தமிழில் அச்சேறிய 1715-ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டின் கதையை ஒரு பள்ளிப்பிள்ளை அந்த ஊரிலேயே நின்று கேட்பது சின்ன விஷயமில்லை. காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறை போட்டார்கள், பட்டறை போய்விட்டது, கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது. இப்படி எத்தனையோ. ஆனால் கோயில் முகப்பில் டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடத்தையும் 1718 என்ற எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாளை ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. சபை என்றால் அந்த அம்மாள்தானே.

எழுதத் தொடங்கினால் சாதியைத் தொட வேண்டிவரும் என்று சபைப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கவில்லை. 1733 டிசம்பர் 28-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், இந்தியப் புராட்டஸ்டண்ட் குருமாரில் அவர்தான் முதல்வர். ராஜநாயக்கன் தஞ்சை அரசனின் படையில் இருந்தவர், தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்து வந்தவர், உபதேசியாராக உழைத்தவர். அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. பறையர் கையால் மற்றவர்கள் இராப்போஜனம் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள், 1741-இல் தியோகுவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். இந்த அவமானத்தை மிஷனரிகளே எழுதிவைத்துப் போனதால்தான் ராஜநாயக்கன் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் அவர் இரண்டாம் முறையும் புறக்கணிக்கப்பட்டிருப்பார். இருபதாம் நூற்றாண்டின் ராஜநாயக்கன்கள் எத்தனை பேர்? முன்வரிசைப் பெஞ்சு யாருக்கு, கல்லறையில் எந்தப் பக்கம் யாருக்கு, சபைச் சங்கத் தேர்தலில் யார் நிற்கலாம் என்ற சண்டைகள் நம் சபைகள் பலவற்றில் நம் கண் முன்னே நடந்தவை. சில வழக்காகி நீதிமன்றம் ஏறின. நம் காலத்துச் சபைகளைப் பற்றி எண் போட்டு, கட்டுக் கட்டி, பத்திரமாகக் காக்கும் காகிதம் அநேகமாக வழக்குக் காகிதம் மட்டும்தான் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை மட்டும் படித்து நம்மை அறிந்துகொள்ள வேண்டுமா?

இந்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களைச் சபை நினைவுகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். லுத்தரன் சபைகள் மட்டும் என்று இல்லை, எந்தச் சிற்றூர்ச் சபையானாலும் சரி. ஆய்வுக் கட்டுரை வேண்டாம். குருமார்களின் பெயர்ப் பட்டியலும் கட்டட நிதி விவரமும் நூற்றாண்டு மலர்களில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. மணியடித்தவரைப் பற்றி எழுதுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் பூசணிக்காய் என்ன விலைக்குப் போனது, அதை யார் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த சபைக்குள் கீபோர்டு நுழைந்த ஞாயிறு யார் முகம் சுளித்தார்கள், யார் கை தட்டினார்கள் என்று எழுதுங்கள். விடுதி மேட்ரன்களைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள்.

பரணில் பதிவேடு இருந்தால் இறக்கி நிழலில் உலர்த்துங்கள், ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்கள், பக்கம் பக்கமாகச் செல்பேசியில் படம் எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது அவர்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கேட்ட நாளையும் இடத்தையும் மேலே குறித்து, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அடுத்த இதழுக்கு என் பாட்டியின் ஞானத்தாயைப் பற்றி நான் எழுதித் தருகிறேன், அவரைத் தெரிந்த ஒரு மூதாட்டி இன்னும் அதே ஊரில் இருக்கிறார், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.