குளிர்பதனப் பெட்டியின் கதவு யாருக்குச் சொந்தம்?

இன்று நான் எழுதப் போவது பாடத்திட்டம் பற்றியன்று, தேர்வு பற்றியுமன்று. நம் அடுப்படியில் நிற்கும் குளிர்பதனப் பெட்டியைப் பற்றி! சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துவிட்டுத் தொடரலாம்.

சென்ற மாதம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்சிக் கலைப் பாடத்தில் ‘எங்கள் வீட்டுச் சமையலறை’ என்னும் தலைப்பைக் கொடுத்தேன். மலை இரண்டு, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னைமரம் என்று ஆண்டுதோறும் ஒரே படத்தைப் பார்த்துச் சலித்ததால் கொடுத்த தலைப்பு அது. பதினேழு பிள்ளைகளில் பதினொருவர் சாம்பல் நிற வண்ணக்கோலைத் தேடி அடித்துக்கொண்டனர். பெட்டிக்கு ஒன்றுதானே சாம்பல் கோல் இருக்கும்! கேட்டால், அலமாரி சாம்பல், மேடை சாம்பல், குளிர்பதனப் பெட்டியும் சாம்பலாம். ஒரு பெண்பிள்ளை மட்டும் அந்தப் பெட்டியின் கதவில் பச்சைக்கிளி, சிவப்பு மீன், தன் தம்பி, ஓர் ‘அ’ என்று வரைந்து நிரப்பியிருந்தாள். “உங்கள் வீட்டில் இப்படியா இருக்கும்?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர். இப்படி இருந்தா நல்லா இருக்கும்,” என்றாள். மணி அடித்ததும் படத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, “நீங்களே வச்சிக்கிங்க டீச்சர். வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா குப்பைன்னு போட்டுருவாங்க,” என்று சொல்லிப் போய்விட்டாள்.

இதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தத் தாயைப் பிற்பாடு சந்தித்தேன். நல்லவர்; உழைப்பாளி. “வீட்டைப் புதுப்பிச்சி ஒரு வருசம்கூட ஆகல டீச்சர். தாள் ஒட்டினா அசிங்கமா இருக்கும், கதவும் கீறிப் போகும்,” என்றார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? வீட்டு அலங்காரப் படங்களைப் பார்த்துப் பார்த்து, ஆள் வாழாத வீட்டைப் போல் நம் வீடு இருப்பதே அழகு என்று நம்பத் தொடங்கிவிட்டோம். விற்பனைக்கு வைத்த வீட்டில் பிள்ளையின் கிறுக்கல் இருக்காது, சரிதான். நாம் வீட்டை விற்கவா போகிறோம்?

என் தாயார் தவணையில் குளிர்பதனப் பெட்டி வாங்கியது 1988-இல். அது அடுப்படிக்குப் போகவே இல்லை. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்று முன்கூடத்தில் நின்றது. தலைமேல் பின்னல் துணி, அதன்மேல் நெகிழிப் பழங்கள், கைப்பிடிக்குக்கூட ஓர் உறை! கதவில் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டி, மின்கட்டணச் சீட்டு, என் தேர்ச்சி அறிக்கை. அறிக்கையில் கணக்குப் பாடத்துக்குச் சிவப்பு மை இருந்தபோதும் அது அங்கேதான் தொங்கியது. வந்தவர் போனவர் எல்லாரும் படித்துவிட்டு எனக்கு அறிவுரை சொன்னார்கள். அந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதை அந்தக் கதவு எல்லாருக்கும் சொன்னது. அலங்காரம் நம் மரபில் இல்லாத ஒன்றா? நாளைக்கு அழிந்துவிடும் என்று தெரிந்தே வாசலில் கோலமிடும் இனம் நாம். கோலத்தைத் தினமும் மாற்றுவது போலக் கதவையும் மாற்றலாமே!

மறுப்புகள் வரும் என்று தெரியும். காந்தம் ஒட்டினால் மின்கட்டணம் ஏறும் என்று புலனத்தில் ஒரு செய்தி சுற்றியது. அறிவியல் படித்தவர்களே அதை அனுப்பி வைத்தார்கள் என்பதுதான் வேதனை. குளிர்பதனப் பெட்டியின் கதவு மூடி நிற்பதே அதன் விளிம்பிலுள்ள மென்மையான வாருக்குள் காந்தப் பட்டை இருப்பதால்தான். தொழிற்சாலையே காந்தம் வைத்து அனுப்பிய கதவில் நீங்கள் ஒட்டும் சின்னஞ்சிறு மாம்பழக் காந்தம் என்ன செய்துவிடும்?

இன்னொரு மறுப்பு உண்மையானது. சில புதிய பெட்டிகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. நிக்கல் கலந்த துருப்பிடிக்காத எஃகு வகைகள் பலவும் காந்தத்தைப் பிடிப்பதில்லை; கண்ணாடிக் கதவும் அப்படியே. அவ்வீடுகளில் பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பிடிக்கும். பல பெட்டிகளில் வெப்பம் பக்கவாட்டு வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதால் முழுவதையும் மூடிவிடாமல் ஓரிரு தாள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தாளிப்புப் புகை படிந்து தாள் பிசுபிசுக்கும் என்பார்கள். உண்மைதான். கோப்புக்குரிய நெகிழி உறைக்குள் படத்தைச் செருகினால் துடைத்துவிடலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மணி போன்ற சிறு காந்தங்களை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெருங்கேடு விளைவிக்கும். அகலமான காந்தத் தாளே போதும்.

இனி என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். அலங்கரித்த கதவுகளும் சில தமிழர் வீடுகளில் உண்டு, பார்த்திருக்கிறேன். லங்காவி, கேமரன் மலை என்று சுற்றுலாக் காந்தங்கள்; அவற்றுக்கு நடுவே வண்ண வண்ணமாக ஆங்கில எழுத்துகள் 26. தமிழ் எழுத்து ஒன்றாவது உண்டா என்று கேட்டால், “கடையில கிடைக்கலியே டீச்சர்,” என்கிறார்கள். கிடைக்காவிட்டால் செய்துகொள்ள முடியாதா? 247 எழுத்துகளா என்று மலைக்க வேண்டாம். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18. உகர, ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் அவற்றுக்கு 36. எஞ்சியவை கால், இரண்டு கொம்புகள், ஐகாரக் குறி, இகர ஈகார விசிறிகள், ஒரு புள்ளி ஆகிய ஏழு. ஆக 74 வடிவங்கள்! ஔகாரத்துக்குக் கொம்போடு ளகரத்தைச் சேர்த்தால் ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய உருவங்கள் ஒழிந்ததும் நமக்கு வசதியாயிற்று. காலையும் புள்ளியையும் அகர வரிசை எழுத்துகளையும் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். ‘அம்மா’ என்று எழுதவே இரண்டு மகரமும் ஒரு புள்ளியும் ஒரு காலும் வேண்டும்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். அச்சிட்ட எழுத்தைக் காந்தத் தாளில் ஒட்டி, பிள்ளையோடு சேர்ந்து கத்தரிக்கலாம். உயிருக்குச் சிவப்பு, மெய்க்கு நீலம் என்று வண்ணம் பிரித்தால் இன்னும் நன்று. அடுப்பில் சோறு கொதிக்கும்போது “இன்றைக்கு என்ன குழம்பு, கதவில் எழுது பார்ப்போம்,” என்று கேளுங்கள். என் மகன் ‘பருப்பு’ என்பதற்கு ‘பறுப்பு’ என்று நான்கு நாள் வைத்திருந்தான். வீட்டில் யாரும் திருத்தவில்லை. ஐந்தாம் நாள் அவனே மாற்றினான். வகுப்பில் பத்து முறை எழுத வைத்தும் எனக்குக் கிட்டாத வெற்றி அது!

தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று கூறும் பெற்றோரிடம் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பள்ளியில் அரை நாள் தமிழ் பார்க்கும் பிள்ளை, வீட்டில் பால் எடுக்கவும் தண்ணீர் எடுக்கவும் நாளுக்கு இருபது முறை திறக்கும் கதவில் அதைக் காணவே கூடாதா?

ஆசிரியர்களாகிய நாங்களும் தப்ப முடியாது. பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரைஞர், பிள்ளையின் படத்துக்குப் புள்ளி போடுமுன் அதைச் சுவரில் தொங்கவிடச் சொல்வார். நாங்களோ கோப்பில் போட்டுப் பூட்டி, ஆண்டிறுதியில் மொத்தமாகக் கட்டி அனுப்புகிறோம். ஒரே நாளில் ஐம்பது தாள் வந்து விழுந்தால் எந்தத் தாய்தான் என்ன செய்வார்? இவ்வாண்டு முதல் என் வகுப்பில் இரண்டு வாரத்துக்கு ஒரு படம், பின்னால் ஒரு காந்தத் துண்டு ஒட்டியே வீட்டுக்குப் போகிறது.

கிளியும் மீனும் உள்ள அந்தப் படம் இப்போது என் வீட்டுக் கதவில் இருக்கிறது. அது என் வீட்டில் இருக்க வேண்டிய படமன்று. அடுத்த பெற்றோர் சந்திப்பு நாளில் நெகிழி உறை போட்டு, கீறாத காந்தத்தோடு அந்தத் தாயின் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் வாங்கிக்கொள்வாரா என்று பார்க்க வேண்டும்.