உப்பளத்தில் முப்பது விருந்தாளிகள்

சகோதரிகளே, சென்ற தை மாதம் ஒரு பந்தயம் கட்டினேன். வேறு யாரோடும் இல்லை, என்னோடுதான். அடுத்த தை பிறப்பதற்குள் எங்கள் தூத்துக்குடி உப்பளத்திலும் கடலோரத்திலும் வந்து உட்காருகிற பறவைகளில் முப்பது வகையைப் போட்டோ பிடித்துவிட வேண்டும். பஸ் ஏறி வெளியூர் போகக் கூடாது. விடியற்காலை கிளம்பி, எட்டரை மணிக்குள் வீடு திரும்பி, சமையலைப் பார்க்க வேண்டும். பறவை என்னைக் கண்டு பயந்து பறந்துவிட்டால் அந்தப் போட்டோ கணக்கில் சேராது. இவைதான் நிபந்தனைகள்.

“இந்த வயசில் காக்கா குருவி பின்னால அலையணுமா மதினி?” என்று என் நாத்தனார் சிரித்தாள். சிரிக்கட்டும். வாக்கிங் போ என்று டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். தெருவையே நாலு சுற்றுச் சுற்றி வந்தால் மூன்றாம் நாள் அலுத்துவிடுகிறது. ‘இன்றைக்கு மீன்கொத்தி வந்திருக்குமா?’ என்ற ஆசை ஒன்று இருந்தால் கால் தானாக நடக்கிறது. இரண்டு மைல் நடந்ததே தெரியாது.

பந்தயம் என்றதும் அமெரிக்காவில் வாழ்ந்த ஃபீபி ஸ்னெட்சிங்கர் என்ற அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மைப் போல வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். நாலு குழந்தைகளுக்குத் தாய். 1965-ல், முப்பது வயது தாண்டிய பிறகு, அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு சின்னப் பறவையைக் காட்ட, அதிலிருந்து பிடித்துக்கொண்டது ஆசை. 1981-ல் புற்றுநோய், அதிக நாள் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவரோ மூலையில் உட்காராமல் பைனாகுலரை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பினார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பார்த்து, அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியவர் என்று பெயர் வாங்கினார். 1999-ல் மடகாஸ்கர் தீவில், பறவை பார்க்கப் போன வழியில் வண்டி கவிழ்ந்து காலமானார். நோய் அவரை வெல்லவில்லை.

ஆனால் இன்னொன்றும் உண்டு. பறவைப் பயணத்துக்காகச் சொந்த மகளின் கல்யாணத்துக்கே அவர் வராமல் போனார் என்று படித்தேன். படித்தபோது மனசு என்னவோ செய்தது. எந்த ஆசைக்கும் ஒரு வரப்பு வேண்டும். அதனால்தான் முதலிலேயே நிபந்தனைகளைப் போட்டுக்கொண்டேன். அந்த வரப்பு என் வீட்டுக்கு மட்டுமில்லை, பறவைக்கும் தேவை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

கேமரா என்று பெரிதாக ஒன்றுமில்லை. பையன் உபயோகித்து ஒதுக்கிய சூம் கேமராதான். காசு கொடுத்து வாங்கியது ஒரு தொப்பியும் ஒரு நோட்டுப் புத்தகமும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் புடவை வேண்டாம். பழைய காவி நிறம், பச்சை, சாம்பல் நிறம் நல்லது. வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். நின்றுகொண்டே கிட்டே போகாமல், வரப்பு ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். பால் பொங்குகிறவரை அடுப்புப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறவர்கள் நாம். அந்தப் பொறுமை இங்கே அப்படியே பயன்படுகிறது. பத்து நிமிஷம் அசையாமல் இருந்தால், நம்மையும் ஒரு உப்புக் குவியல் என்று நினைத்து அவையே பக்கத்தில் வரும்.

இன்னொரு ரகசியம் மீன்காரம்மாவிடம் கற்றது. “ஏத்தமா வத்தமான்னு பாத்துட்டுப் போங்கம்மா” என்றாள். கடல் ஏறியிருக்கும்போது கரையோரச் சேறு தண்ணீரில் மூடிக்கொள்ளும். அப்போது இரை தேடுகிற பறவைகள் உப்பளப் பக்கம் ஒதுங்கி ஓய்வெடுக்கும். வற்றும்போது மறுபடி சேற்றுக்கு இறங்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டபின் வீண் நடை குறைந்தது.

முதல் இரண்டு வாரத்தில் சுலபமாகப் பத்து கிடைத்துவிட்டது. வாய்க்கால் ஓரத்து மடையான், சின்ன வெள்ளைக் கொக்கு, நீர்க்காகம், தலைக்குமேல் வட்டம் போடும் செம்பருந்து, “யார் வந்தது, யார் வந்தது” என்று ஊரைக் கூட்டுகிற ஆள்காட்டி. இளஞ்சிவப்புக் குச்சிமேல் நடப்பதுபோல் நடக்கும் நெடுங்கால் உள்ளான். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு கல் விழுந்ததுபோல் தண்ணீரில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மஞ்சள் மூக்கு நாரை நம் நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். ஊர் ஜனங்கள் விரட்டுவதில்லை.

மாசி மாதம் பூநாரைக் கூட்டம் கிடைத்தது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றுத் தண்ணீரை அலகால் சல்லடை போட்டுச் சலித்துத் தின்கிறது. அந்த ரோஜா நிறம் பிறவியில் வந்தது இல்லை தெரியுமோ? குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். உப்புத் தண்ணீரில் இருக்கும் பாசியையும் கூனிப்பொடி மாதிரியான சின்னஞ்சிறு உயிர்களையும் தின்னத் தின்ன, அவற்றிலுள்ள நிறச் சத்து இறகில் ஏறுகிறது. காரட்டிலும் பப்பாளியிலும் முருங்கைக்கீரையிலும் நாம் தேடுகிற கரோட்டினும் அதே குடும்பம்தான். எங்கள் வீட்டு வாண்டு காரட்டை ஒதுக்கி வைப்பான். போட்டோவைக் காட்டி இதைச் சொன்னேன். “நானும் ரோஸ் ஆயிடுவேனா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டு தின்றான். ஒரு துண்டுதான். அதுவே பெரிசு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கொசு உள்ளான். பெயருக்கு ஏற்றபடி துளியூண்டு. எடை சுமார் இருபத்தைந்து கிராம், ஒரு சின்ன எலுமிச்சம்பழம்கூடத் தேறாது. அது பிறப்பது வடக்கே, வட துருவத்தை ஒட்டிய சைபீரியப் பனிப் பிரதேசத்தில். அங்கே குளிர் தொடங்குமுன் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல் பறந்து நம் கரைக்கு வருகிறது. வெயில் ஏறும் பருவத்தில் திரும்பப் போகிறது. திரும்புவதற்கு முந்தைய வாரங்களில் விடாமல் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். அதுதான் அதற்கு வழிச்செலவுப் பணம். நாம் ஒரு நல்ல போட்டோவுக்காக நாலு தடவை அதை எழுப்பிப் பறக்க விட்டால், அந்தப் பணத்தில் நாலு தடவை கை வைத்ததற்குச் சமம். வாயும் வயிறுமாக இருப்பவளைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்புவோமா? அப்படித்தான் இதுவும்.

சித்திரையில் ஒரு காலை. கணக்கு இருபத்துமூன்றில் நின்றது. காய்ந்த மணல் திட்டின் ஓரம் போய்க்கொண்டிருந்தேன். உப்புக்கொத்தி ஒன்று எனக்கு முன்னால் சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. அப்படியே நின்றுவிட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தாள். “யக்கா, அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க. முட்டை கெடக்கு. அது சும்மா நடிக்குது.”

கூடு என்று எதுவும் இல்லை. மணலில் ஒரு சின்னப் பள்ளம். அதில் கூழாங்கல் மாதிரிப் புள்ளி போட்ட முட்டைகள் மூன்று இருக்குமாம். அவள் விரல் காட்டிய இடத்தை எவ்வளவு பார்த்தும் எனக்கு முட்டை எது, கல் எது என்று தெரியவில்லை. அதுதான் அந்தப் பறவைக்கு இருக்கும் ஒரே காவல். எதிரி கிட்டே வந்தால் காயம்பட்டதுபோல் நடித்து, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நரி, நாய் எல்லாம் அதை நம்பித் துரத்தும். முட்டை தப்பிக்கும்.

வெண் உப்புக்கொத்தியின் குடித்தனம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பகலில் பெரும்பாலும் பெட்டை அடைகாக்கும், இரவில் சேவல். கொளுத்துகிற வெயிலில் அடைகாப்பது சூடு கொடுக்க இல்லை, நிழல் கொடுக்க. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதும் உண்டு. ஈரத் துணி போட்டுத் தண்ணீர்ப் பானையைக் குளிர வைக்கிறோமே, அதே வித்தைதான். குஞ்சு வெளியே வந்தபின் பல சமயம் தாய் கிளம்பிப் போய்விடும். தகப்பன்தான் கூடவே திரிந்து வளர்க்கும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் பெரியது. சித்திரை வெயிலில் நாம் கூட்டுக்குப் பக்கத்தில் கேமராவோடு கால் மணி நின்றால், அந்தக் கால் மணியும் முட்டை வெயிலில் கிடக்கும். உள்ளே இருக்கிற கரு வெந்துவிடலாம். போதாததற்கு நம் காலடியைப் பார்த்துக் காகமும், மோப்பம் பிடித்து நாயும் வரும். போட்டோவில் அழகான முட்டை இருக்கும், மணலில் இருக்காது. அன்றைக்கே நோட்டில் இன்னொரு நிபந்தனை எழுதினேன்: கூடு, முட்டை, பறக்கத் தெரியாத குஞ்சு — இந்த மூன்றுக்கும் கேமரா இல்லை.

அந்த நிபந்தனைக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. சின்ன ஆலா என்று ஒரு பறவை. மஞ்சள் அலகு, கருப்புத் தொப்பி, வெள்ளை நெற்றி. கடலுக்குமேல் வெட்டி வெட்டிப் பறக்கும், ஒரு நிமிஷம் நிலையாக நிற்காது. வைகாசியில் சில ஜோடிகள் அதே மணல் திட்டில் முட்டையிட்டன. அங்கே போனால் போதும், பத்தடி தூரத்தில் பிரமாதமாகக் கிடைக்கும். நான் போகவில்லை. தூர இருந்தே எடுத்தேன். வந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. பையன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ஆலாவா, அரிசியா?” என்றான். கணக்கில் சேர்க்கவில்லை.

ஐப்பசிக்குமேல் வடக்கேயிருந்து மறுபடி விருந்தாளிகள் வந்தார்கள். கூழாங்கல்லையும் சிப்பியையும் அலகால் புரட்டிப் பார்க்கிற கல்திருப்பி உள்ளானும், கடற்காகக் கூட்டமும் சேர்ந்தன. மார்கழிக் கடைசியில் எண்ணினால் இருபத்தெட்டு. சின்ன ஆலாவுக்கும், மிகத் தூரத்திலேயே வட்டமிட்டுப் போய்விட்ட கடல் கழுகுக்கும் நோட்டில் இரண்டு வரி காலி. பந்தயத்தில் தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மணல் திட்டில் ஆனி மாதம் குட்டிக் குட்டியாக ஆலாக் குஞ்சுகள் பறக்கப் பழகியதை அந்த உப்பளத்துப் பெண்தான் எனக்குக் கை காட்டினாள். போட்டோ இல்லை. அவள் பார்த்தாள், நான் பார்த்தேன், அது போதும்.

உங்களுக்கும் ஆசை வந்தால் சில யோசனைகள்:

முப்பது வேண்டாம், பத்தில் தொடங்குங்கள். கேமரா இல்லாவிட்டால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். அலகு, கால், நிறம், நடை நாலையும் எழுதிக்கொண்டால் பெயரை நிதானமாகக் கண்டுபிடிக்கலாம்.

தனியாகப் போகாதீர்கள். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துப் போங்கள். உப்பளங்கள் தனியார் இடம். காவலாளியிடம் சொல்லிவிட்டு வரப்பில் மட்டும் நடங்கள், பாத்தியில் இறங்கக் கூடாது. துறைமுகத்தின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழே வெள்ளை உப்பிலிருந்தும் அடிக்கும். தொப்பி, தண்ணீர் அவசியம். பைனாகுலர் வைத்திருக்கும் குழந்தைகளைச் சூரியன் பக்கம் திரும்ப விடாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

ஒரு பறவை தின்பதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தால், ‘இதற்குமேல் வராதே’ என்று அர்த்தம். அங்கேயே உட்காருங்கள்.

சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. வடக்கே பழவேற்காடு. தஞ்சைச் சீமைக்காரர்களுக்குக் கோடியக்கரை. 1967-லேயே சரணாலயமாக அறிவித்த இடம். அதற்கெல்லாம் போக வசதி இல்லையென்றால் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையே போதும். ஒரு மடையானாவது நிச்சயம் இருக்கும்.

உங்கள் ஊர்க் கரையில் என்ன பறவை வருகிறது, அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள் என்று ஒரு கார்டு போடுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், அதைச் சேர்த்து வைப்பதும் ஒரு சொத்துதான். அடுத்த இதழில், வெயில் வருவதற்குள் போட்டுவிட வேண்டிய வடாம், வற்றல் விஷயங்களைப் பேசுவோம். காகத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவதை இப்போதே சொல்லிவிட்டேன்!