ஓடத் தொடங்குபவருக்கு ஒரு திடல்

தைப்பூசத்துக்குச் சில நாள்கள் முன்னதாக, ஆண்டுதோறும் நகரத்தார் காவடிகள் எங்கள் குன்றக்குடியில் ஒன்றுகூடும். இங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை ஏறக்குறைய 150 கி.மீ. நடை. பல தலைமுறைகளாகத் தொடரும் மரபு இது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிந்தவர்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவர்கள், பருத்த உடலினர் எனப் பலரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. காலில் கொப்புளத்தோடும் துணிக்கட்டோடும் அவர்களில் பெரும்பாலோர் பழனி போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். மலையிறங்கியதும் காரில் ஏறி ஊர் திரும்புகிறார்கள். பிறகு அடுத்த தை வரை நடை இல்லை.

பொருளியல் கற்பித்துப் பணிநிறைவு பெற்ற எனக்கு இது நெடுநாள் புதிர். அதே மனிதர், அதே உடல், அதே மனம். தையில் 150 கி.மீ. நடப்பவரால் மாசியில் ஏன் தெருமுனை வரைகூட நடக்க முடிவதில்லை? பக்தி தரும் உந்துதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அதனோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. விடியுமுன் நடை, வெயில் ஏறியதும் ஓய்வு, வழியெங்கும் உணவும் நீர்மோரும், உடன் நடக்க ஆள், தங்க இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே யாரும் யாருடைய எடையையும் கேட்பதில்லை.

தமிழகத்தில் உடல்பருமன் இனி ஒரு சிலரின் சொந்தக் கவலை இல்லை. 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. ஓராண்டு விளைச்சல் பத்து விழுக்காடு சரிந்தால் சட்டப்பேரவையில் விவாதம் நடக்கும், இதற்கு நடக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழகத்தில் நீரிழிவு நோயாளிகள் 14.4 சதவீதம் என்கிறது. தேசிய அளவில் அது 11.4 சதவீதம்.

இந்த எண்களைக் கண்டதும் எழும் முதல் அறிவுரை, 'மனம் வைத்தால் முடியும்' என்பதுதான். மனம் இல்லை என்று யார் சொன்னது? ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதச் சந்தா கட்டியவர்கள் அரிதாகவே வந்ததால், ஒரு வருகைக்குச் சராசரியாக 17 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தனர். அதே நிலையத்தில் 10 டாலருக்கு வருகைச் சீட்டு கிடைத்தது. பணத்தை முன்கூட்டியே கட்டும் அளவுக்கு அவர்களிடம் மனம் இருந்தது. நாளைய தன்னைப் பற்றிய கணிப்பில்தான் தவறினார்கள். காரைக்குடியில் ஜனவரி மாதம் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர்களைக் கேட்டால் இதே கதையை ரூபாயில் சொல்வார்கள்.

நானும் அந்தக் கணக்கில் அடங்குபவன்தான். அறுபத்து நான்காம் வயதில் என் எடை 96 கிலோ. நீரிழிவு வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவர் இதயத்தையும் பாதங்களையும் சோதித்து, 'முதலில் நடங்கள், பிறகு மெல்ல ஓடிப் பாருங்கள்' என்றார். என்னைப் போன்றோர் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஓடத் தொடங்குவது அறியாமை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், காலணி கடித்த புண்கூடத் தெரியாமல் போகும்.

அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-இல் ஓடிப் பழகாதவர்களுக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்தார். தன் தாயையும் மனத்தில் வைத்தே அதை அவர் எழுதினார். பின்னர் பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவை அதை ஏற்றுப் பரப்பியது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் நடந்த பிறகு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என மாறி மாறி இருபது நிமிடங்கள். வாரத்துக்கு மூன்றே நாள்கள். ஒன்பது வாரங்களில் அரைமணி நேரம் தொடர்ந்து ஓடலாம் என்பது திட்டம். எனக்கு முதல் வாரப் பாடத்தை முடிக்கவே ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஓடிப் பார்த்த கனத்த மனிதருக்கே தெரியும்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதை இயற்பியல் சொல்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து உடலுக்குத் திரும்பும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. அறுபது கிலோ இளைஞர் ஓடுவதும் 96 கிலோ முதியவர் ஓடுவதும் ஒரே வேலை இல்லை. சுமை தூக்குபவரைப் போல அவர் ஒரு மூட்டையையும் சேர்த்துச் சுமக்கிறார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களுக்கும் மூட்டுகளுக்கும் மாதங்கள் வேண்டும். 'இன்று நன்றாக இருக்கிறதே' என்று வேகத்தைக் கூட்டும்போதுதான் கெண்டைக்காலும் குதிகாலும் பழிவாங்கும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம். என் விஷயத்தில் அது நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே அதிகம். ஒரு முறை தலையில் புல்லுக்கட்டுடன் சென்ற மூதாட்டி என்னைக் கடந்துபோனார்.

எடை குறையுமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரு கிலோ எடையை ஒரு கி.மீ. ஓட்டிச் செல்ல ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். நான் மூன்று கி.மீ. ஓடினால் 280 கலோரி. வீடு திரும்பி இரண்டு வெள்ளைப் பணியாரமும் சர்க்கரை போட்ட காபியும் உட்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஓராண்டில் நான் இழந்தது ஐந்து கிலோ மட்டுமே. ஆனால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.1-இலிருந்து 7-க்கு வந்தது. குன்றின் படிகளை நிற்காமல் ஏறுகிறேன். டாலஸ் நகரின் கூப்பர் நிறுவனத்தில் ஸ்டீவன் பிளேரும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகள், உடல் பருத்திருந்தாலும் இதயத் திறன் உள்ளவர், மெலிந்திருந்தும் அத்திறன் இல்லாதவரைவிட நீண்ட நாள் வாழும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. எடை இயந்திரத்தை மட்டும் பார்த்தால் இந்த வரவு தெரியாது. அதைப் பார்த்து மனம் சோர்ந்து மூன்றாம் மாதமே நிறுத்தியவர்களை நான் அறிவேன்.

உடலின் தடைகளைப் பற்றி இவ்வளவு. எனக்குப் பெருந்தடையாக இருந்தது சாலை.

பிள்ளையார்பட்டிச் சாலையில் ஓடத் தொடங்கிய முதல் வாரம், தெரிந்தவர் ஒருவர் இருசக்கர வாகனத்தை நிறுத்தி, "ஏறிக்கங்க சார், எங்க போகணும்? வீட்டுல எதுவும் அவசரமா?" என்றார். வயதான, கனத்த மனிதர் ஓடினால் ஊரில் ஏதோ விபரீதம் என்றுதான் பொருள். பள்ளிச் சிறுவர்கள், "தாத்தா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தனர். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை, நானும் சிரித்தேன். ஆனால், மறுநாள் கிளம்ப அரைமணி நேரம் தயங்கினேன். இருட்டில் போனால் கேலி இல்லை. மாறாக நாய்களும் எதிரே விளக்கைத் தணிக்காமல் வரும் லாரிகளும் உண்டு. நடைபாதை என்ற ஒன்று இல்லை. தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கும் நான்கு விரற்கடைப் பள்ளத்தில் கணுக்கால் பிறழ்ந்து மூன்று வாரங்கள் படுத்தேன்.

இவையெல்லாம் விலைதாம். பொருளியலில் ஒரு செயலின் விலை பணத்தால் மட்டும் அளக்கப்படுவதில்லை. கேலி, அச்சம், காயம், இடம் தேடும் நேரம் யாவும் விலையே. பழகிய ஓட்டக்காரருக்கு இவை சிறியவை. பலனோ உடனே கிடைக்கிறது; ஓடி முடித்ததும் உடல் லேசாகிறது. புதிதாகத் தொடங்கும் கனத்தவருக்கு விலை முழுவதும் இன்று; பலன் ஆறு மாதம் கழித்து. அவருடைய மனஉறுதியைக் கூட்டும் வழி அரசுக்குத் தெரியாது. விலையைக் குறைக்கும் வழி தெரியும்.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், நீரிழிவும் விபத்தில் முழங்காலில் பட்ட காயமும் இருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். 'ஓடலாம் வாங்க' என்று நூலும் எழுதியவர். அவர் காலத்தில், 2023 நவம்பர் 4-இல், 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 38 மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறன்று கூட்டு நடையும் மருத்துவ முகாமும். நல்ல நோக்கம். ஆனால், எட்டு கி.மீ. என்பது ஏற்கெனவே நடப்பவருக்கான தூரம். நூறு கிலோ எடையுள்ள இல்லத்தரசிக்கு, மாவட்டத் தலைநகரில் மாதம் ஒரு நாள் நடக்கும் எட்டு கி.மீ. ஓர் அழைப்பாகத் தோன்றாது. ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட விளையாட்டு உபகரணத் தொகுப்புகளும் இளைஞர்களை எண்ணித் தரப்பட்டவை. அவற்றிலுள்ள கிரிக்கெட் மட்டையால் அவருக்குப் பயன் இல்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினம். 2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் கட்டுரைப்படி, 2022-இல் போதிய உடலியக்கம் இல்லாத இந்தியப் பெண்கள் 57 சதவீதம். ஆண்கள் 42 சதவீதம். எங்கள் தெருவில் ஐந்து மணிக்குச் சேலையும் விளையாட்டுக் காலணியுமாக நான்கு பெண்கள் நடக்கிறார்கள். ஓடிப் பார்க்க ஆசை உண்டா என்று என் மனைவி அவர்களிடம் கேட்டபோது, "ஆசைதான் ஆச்சி, ரோட்டுல எப்படி?" என்றார் ஒருவர். என்னால் கேலியைச் சிரித்துக் கடக்க முடிந்தது. அவர்களிடம் அதையும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

தேவைப்படுவது மிகச் சிறியது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள், சமதளமான மண்தரை, 200 மீட்டர் சுற்று, ஒரு விளக்கு, சுற்றுச்சுவர். இதைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. தமிழகத்தில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. எல்லாவற்றிலும் திடல் இல்லை. ஆனால், திடல் உள்ளவற்றில் பெரும்பாலானவை காலை ஐந்து முதல் ஏழு வரை பூட்டிக் கிடக்கின்றன. பொதுப்பணத்தில் உருவான ஒரு சொத்து, அதிகம் தேவைப்படும் நேரத்தில் பயனின்றிக் கிடப்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டை வகுப்பில் நான் தந்ததில்லை.

தலைமையாசிரியர்கள் மறுப்பதற்குக் காரணம் உண்டு. இரவில் திடலில் மது அருந்தி, புட்டியை உடைத்துப் போட்டவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குழாய் உடைந்தாலும் விளக்கு திருடுபோனாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. பொறுப்பை அவர்கள் தலையில் வைத்துக்கொண்டு பயனை மட்டும் ஊருக்குக் கேட்பது முறையாகாது. ஆகவே, சாவியும் பொறுப்பும் ஊராட்சியிடமோ மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ இருக்க வேண்டும். குறித்த இரண்டு மணி நேரம், வருகைப் பதிவேடு, பள்ளி தொடங்குமுன் பூட்டு. வாரத்தில் மூன்று நாள்கள் பெண்களுக்கு மட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை தரும் ஊழியர், திடல் திறந்திருக்கும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகலாம்.

இந்த ஊரில் இது புதிய சிந்தனையும் இல்லை. குன்றக்குடி அடிகளார் (1925-1995) கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்து வந்தார். அருகிலேயே இருந்தும் ஊருக்குப் பயன்படாமல் இருந்த அறிவை ஊராருக்குத் திறந்துவிட்டதுதான் அதன் சாரம். தில்லி வரை 'குன்றக்குடி மாதிரி' என்று பேசப்பட்டது. அதோடு ஒப்பிட்டால் ஒரு திடலின் கதவைத் திறப்பது சிறிய காரியம்.

எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் திடலுக்காக நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றது பள்ளி. இடம் ஊராட்சியுடையது, அவர்களைக் கேளுங்கள் என்றது மேலிடம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்க இருக்கிறோம். கையெழுத்திட்ட பதினோரு பேரில் அந்த நான்கு பெண்களும் அடக்கம்.