அடுத்த பள்ளி அந்நிய நாடா?

சுண்ணாம்பும் செங்கல்லும் சுடும் சூளைக்குக் காளவாய் என்றும் காளவாசல் என்றும் பெயர். சூளை மறைந்தது, பெயர் நிலைத்தது. மதுரையின் மேற்கு வாயிலாக விளங்கும் அந்தக் காளவாசலில், மாலையில் பள்ளி விடும் வேளையில் நின்று பாருங்கள், தோழர்களே! கிழக்கே அரசரடி, தெற்கே பழங்காநத்தம் நோக்கிச் செல்லும் புறவழிச் சாலை, வடக்கே வைகை, மேற்கே விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று நீண்டு செல்லும் தேனிச் சாலை. 2020-ம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் அடியில் நீலமும் பச்சையும் பழுப்புமாகச் சீருடைகள் குவிகின்றன. ஒரே பேருந்து, ஒரே படிக்கட்டு, ஒரே நெரிசல். ஆயினும் இந்தப் பள்ளி மாணவனுக்கு அந்தப் பள்ளி மாணவனின் பெயர் தெரியாது. அவன் 'அந்தப் பள்ளிக்காரன்'. அவ்வளவே தெரியும். சில வேளைகளில் இன்னொன்றும் தெரியும். அது தெரியாமலே இருந்தால் நாட்டுக்கு நல்லது என்று நாம் எண்ணுகிற ஒன்று.

இவ்விருவரும் ஒரு திடலில் இறங்கிக் கால்பந்து ஆடலாமா, ஆடக்கூடாதா?

நாட்டில் எத்தனையோ சிக்கல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரைக்கு இதுதானா கிடைத்தது என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், படித்து முடித்த பிறகு கேளுங்கள்.

ஆடக்கூடாது என்போர் தீயவர் அல்லர். அவர்களுள் பொறுப்பு உணர்ந்த தலைமையாசிரியர் உண்டு. மகனை நினைத்து அஞ்சும் தாய் உண்டு. நம் கழகத் தோழர்களிலேயே சிலர் உண்டு. அவர்கள் வாதம் இது: தொலைவிலுள்ள பள்ளியோடு ஆடினால், ஆட்டம் முடிந்ததும் அவரவர் ஊருக்குப் போய்விடுவர். அடுத்த பள்ளியோடு ஆடினால், மறுநாள் காலையில் அதே பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். வென்றவன் கேலி பேசுவான், கேலி கைகலப்பாகும், கைகலப்பு சாதிச் சண்டையாகும். பிறகு காவல் நிலையம், வழக்கு, பாழ்பட்ட படிப்பு. ஆகவே, வம்பு எதற்கு என்கின்றனர்.

அச்சம் கற்பனையன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் வீட்டுக்குள்ளேயே, தன் பள்ளியில் பயின்ற மாணவர்களால் அரிவாள் கொண்டு வெட்டப்பட்டான். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். நாடு தலைகுனிந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அது சொல்லிற்று.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நாங்குநேரியில் எந்தப் பந்தும் உருளவில்லை. எந்தக் கோலும் விழவில்லை. ஆடாமலேயே அரிவாள் உயர்ந்தது. ஆட்டத்தைத் தடுத்துவிட்டால் பகை அடங்கிவிடும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

உலக வரலாற்றைக் காட்டி நம்மை மடக்கப் பார்ப்போரும் உண்டு. 1969-ம் ஆண்டு எல் சால்வடாரும் ஹோண்டுராசும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் மோதின; அடுத்த மாதமே இரு நாட்டுப் படைகளும் மோதின; 'கால்பந்துப் போர்' என்று பெயரே வந்துவிட்டது. உண்மைதான். ஆனால் போரை மூட்டியது பந்தா? பிழைப்புத் தேடி ஹோண்டுராசில் குடியேறிய சால்வடார் உழவர்கள், நிலச் சட்டம் ஒன்றைக் காட்டி வெளியேற்றப்பட்டார்கள். நிலத்திலே மூண்ட நெருப்பு அது. பந்து மூட்டவில்லை, புகையைக் காட்டியது. ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர், மாஸ்கோ டைனமோ குழு பிரிட்டனில் ஆடிவிட்டுத் திரும்பிய 1945-ம் ஆண்டில், விளையாட்டு நல்லெண்ணத்தை வளர்க்கிறது என்ற பேச்சையே எள்ளி நகையாடினார். அவர் அறிவாளி, அவர் கூற்றில் பாதி ஒப்பலாம். கொடியும் கூச்சலும் கட்டிச் சென்றால் எந்த ஆட்டமும் கெடும். அது கொடியின் குற்றம்.

இன்னொரு செய்தி. இந்த ஆட்டம் பிறந்ததே அடுத்தடுத்த பள்ளிகள் சேர்ந்து ஆட முடியாத தொல்லையிலிருந்துதான்! இங்கிலாந்தின் பெரிய பள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனி விதி வைத்திருந்தன. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம் என்றது ஒரு பள்ளி. கூடவே கூடாது என்றது இன்னொன்று. பல பள்ளிகளிலிருந்தும் கேம்பிரிட்ஜுக்கு வந்த மாணவர்கள், சேர்ந்து ஆட வழியின்றி, 1848-ம் ஆண்டு உட்கார்ந்து பொதுவிதி வகுத்தனர். 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றியது. 'உன் பள்ளி விதி எனக்கு வேண்டாம், என் பள்ளி விதி உனக்கு வேண்டாம், இருவர்க்கும் பொதுவாக ஒன்று வகுப்போம்' என்ற உடன்பாட்டின் பெயர்தான் கால்பந்து. பொதுவிதி என்பது நமக்குப் புதிய சொல்லா? ஊர்க்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்றிருந்த நாட்டில் பொதுக் கிணறு கேட்ட இயக்கத்தின் வழிவந்தவர்களன்றோ நாம்!

அந்தப் பந்து நம் நாட்டுக்கு வந்த கதையும் கேட்கத் தக்கது. 1891-ம் ஆண்டு, டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் சீநகரில் தம் பள்ளி மாணவர்முன் ஒரு கால்பந்தை வைத்தார். பிள்ளைகள் பெரும்பாலோர் பார்ப்பனர். இது எதனால் ஆனது என்று கேட்டனர். தோல் என்றார். தொடமாட்டோம், தீட்டு என்றனர். ஆட்டத்தினிடையே பந்து ஒருவன் முகத்தில் பட்டுவிட, தீட்டுப்பட்டேனே என்று அழுதான் அவன். முகம் கழுவி வந்த பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஓர் இளைஞனுக்குத் தோல்மீது இருந்த அருவருப்பை ஒரு மாலைப் பொழுது அசைத்துவிட்டது. நூறு சொற்பொழிவு அதைச் செய்திருக்குமா என்பது ஐயமே. (சொற்பொழிவாளர்கள் மன்னிக்க!)

இனி மதுரைக்கு மேற்கே வருவோம். இங்கே பள்ளிகள் தனித்தனி வழியில் வந்தவை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் கொடுமையை எதிர்த்து 1920-ம் ஆண்டு பெருங்காமநல்லூரில் மக்கள் குண்டடிபட்டு மாண்டார்கள். அம்மக்களுக்கென உருவான திட்டத்தில் எழுந்தவை கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் திறந்த பள்ளிகளின் மரபில் வந்தவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மிஷன் பள்ளிகள் வேறு. மாநகராட்சிப் பள்ளிகள் வேறு. கட்டணம் வாங்கும் மெட்ரிக் பள்ளிகள் வேறு. பெயர்ப் பலகையை மாற்றலாமா, துறைகளை ஒன்றாக்கலாமா என்ற வாதம் நடந்து வந்திருக்கிறது. 'அந்தப் பெயர் எங்கள் முன்னோர் சிந்திய குருதியின் நினைவு' என்போரின் குரலையும் நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. அந்த வாதம் நெடியது. பந்து அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பலகை மாறுமுன் பழக்கம் மாறலாம்.

இங்கேதான் எதிர்வாதத்தின் கூரிய முனை இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. கலப்பான இரு பள்ளிகள் ஆடினால், ஒரே குழுவில் நான்கு தெருப் பிள்ளைகள் தோளோடு தோள் நிற்பர்; அங்கே பள்ளிப் பற்று சாதிப் பற்றைக் குறுக்கே வெட்டும். ஆனால் பெரும்பாலும் ஒரே சமூகத்துப் பிள்ளைகள் பயிலும் பள்ளி, அதுபோன்ற இன்னொரு பள்ளியோடு மோதினால்? ஆட்டம் பள்ளிக்கும் பள்ளிக்குமா, தெருவுக்கும் தெருவுக்குமா?

இரண்டே பள்ளிகளை எதிரெதிரே நிறுத்தினால் அந்த இடர் உண்டு. ஆகவேதான் இரண்டு போதாது, ஆறு வேண்டும் என்கிறோம். ஆறு பள்ளிகள், ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஆடுவது, மொத்தம் பதினைந்து ஆட்டம். இந்த வாரம் எதிரே நின்றவன், அடுத்த வாரம் நம் போட்டிப் பள்ளியைத் தோற்கடிக்க வேண்டுமே என்று நாமே வேண்டிக் கொள்ளும் நிலை வரும். புள்ளிப் பட்டியல் செய்யும் மாயம் அது! நிலையான பகைவன் என்று ஒருவன் இருக்க முடியாது. இருவர் மோதினால் வஞ்சம் வளர இடமுண்டு. அறுவர் ஆடினால் கணக்குப் பார்க்கவே நேரம் சரியாயிருக்கும். இறுதியில், ஆறு பள்ளிப் பிள்ளைகளையும் கலந்து, சீட்டுக் குலுக்கி இரு குழுவாக்கி ஓர் ஆட்டம்.

இன்றுள்ள ஏற்பாடு என்ன? பள்ளிக் கல்வித் துறை குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி நடத்துகிறது. நன்று. ஆனால் பெரும்பாலும் தோற்றவர் வெளியேறும் முறை. பதினாறு குழு வந்தால், முதல் சுற்றிலேயே எட்டுக் குழு மூட்டை கட்டும். ஆண்டு முழுதும் பயின்ற பிள்ளைக்கு ஓர் ஆட்டம்! உலகக் கோப்பையிலேகூட ஒரு நாட்டுக்குக் குறைந்தது மூன்று ஆட்டம் உண்டு. ஒரே ஆட்டம் என்பதால்தான் அந்தத் தோல்வி அத்தனை கசக்கிறது. நடுவர்மீது அத்தனை சினம் பாய்கிறது. அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஆட்டம் உண்டு என்று அறிந்தவன், தோற்றாலும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும், ஒரே நகரத்துப் பள்ளிகள், 1904 முதல் கிரிக்கெட் ஆடி வருகின்றன. 'வடக்கின் சமர்' என்று பெயர். உண்மையான சமர் மூண்டபோது இந்தச் சமர் நின்ற ஆண்டுகள் உண்டு. அமைதி வந்ததும் பழைய மாணவர்கள் கடல்கடந்தும் வந்து வேலியோரம் நின்றார்கள்.

மெட்ரிக் பள்ளிகள் வருமா என்பது அடுத்த கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளா என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். காலணி வாங்க வழியில்லாத நம் பிள்ளைகளை அவர்களோடு ஆடவிட்டால் தாழ்வு மனப்பான்மை வருமே என்று இரங்குவோரும் இருக்கிறார்கள். முன்னவர்க்கு நாம் சொல்ல ஏதுமில்லை. பின்னவர்க்கு ஒரு நாளை நினைவூட்டலாம்: 1911 ஜூலை 29. கல்கத்தாவில் மோகன் பகான் குழு, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று கேடயம் கொண்ட நாள். வங்காளிகள் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினார்கள். வெள்ளையன் பூட்ஸ் அணிந்திருந்தான். தாழ்வு மனப்பான்மை யாருக்கு வந்தது?

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை 2018-லும் 2023-லும் தமிழ்நாடு வென்றது. காளவாசல் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் கால் வேறா?

ஆட்டத்துக்குத் திடல் வேண்டும். அரசரடி ரயில்வே மைதானத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் முயற்சி 2022-ல் எழுந்தபோது மதுரை மக்கள் கொதித்தெழுந்தது நினைவிருக்கும். திடலைக் காக்கப் போராடுவது ஒரு பாதி. அதில் பந்து உருளச் செய்வது மறு பாதி. வெறுமையாய்க் கிடக்கும் திடலைக் கவர்வது எளிது.

1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட தோழர்களை அழைத்துச் சென்றார் வைத்தியநாத ஐயர். அவர் நம் அணியினர் அல்லர். எனினும் செய்ததைச் செய்தார் என்று சொல்வதுதான் நேர்மை. அன்றும் 'இதனால் விபரீதம் வரும்' என்று எதிர்த்தவர் இருந்தனர். கதவு திறந்தது. ஊர் இருக்கிறது.

கழகக் கிளைகளுக்கு இதில் என்ன வேலை? அன்று தெருவுக்கு ஒரு படிப்பகம் திறந்தோமே, அதுபோன்ற வேலைதான். ஆனால் பின்னணியில் நின்று செய்ய வேண்டிய வேலை. திடலில் நம் கொடி வேண்டாம். எந்தத் தலைவர் படமும் வேண்டாம். குறிப்பாகச் சாதிச் சங்கத்தார் தூக்கிவரும் படங்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே, நெடுந்தொலைவில் நிற்கட்டும். பெரும் பரிசுத் தொகை அறிவித்து ஆட்டத்தைச் சூதாட்டமாக்க வேண்டாம். நடுவர் வெளியூரார், அவர் முடிவே முடிவு. ஆட்டத்துக்குப் பின் இரு குழுவும் ஒரே பாயில் அமர்ந்து சுண்டலும் தேநீரும். தனித்தனிக் குவளை ஒழிந்துவிட்டதா என்பதை அங்கேயே கண்ணால் கண்டுகொள்ளலாம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை முன்வையுங்கள். நம் பகுதியில் திடலுள்ள பள்ளி எது? அதன் பூட்டுக்குச் சாவி யாரிடம்? உடற்கல்வி ஆசிரியர் எத்தனை பள்ளியில் இருக்கிறார்? பந்து வாங்கும் செலவை யார் ஏற்பது? காலாண்டுத் தேர்வு வருமுன் முதல் ஆட்டம் நடக்க வேண்டுமானால், ஆறு தலைமையாசிரியர்களையும் இந்த மாதத்துக்குள்ளேயே பார்த்தாக வேண்டும்.