வடியும் ஆழம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் குவார்ட்சைட் பாலையில், குளிர்காலந்தோறும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகள் வந்து கூடுகின்றன. அங்கே இரவு விளக்கும் கணப்பின் விசிறியும் பேட்டரியை நம்பியே இயங்குகின்றன. விலை குறைவென்று என்ஜினைக் கிளப்பும் பேட்டரியை இதற்கு வாங்குவது வீண் சிக்கனம் என்பதே நம் கருத்து. அதன் மெல்லிய ஈயத் தகடுகள் நொடிநேரப் பாய்ச்சலுக்கானவை. மீண்டும் மீண்டும் ஆழமாக வடிந்தால் விரைவில் நலியும். டீப் சைக்கிள் பேட்டரியின் தடித்த தகடுகள் அதைத் தாங்கும். ஆயினும் ஈய-அமில வகையைப் பாதிக்கு மேல் வடியவிடாதிருப்பதே நலம். வடிந்ததை உடனே நிரப்பாவிடில் சல்பேட் இறுகிக் கொள்ளளவைத் தின்றுவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 80 சதவீதம் வரை ஈயும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றலாகாது. ஆகவே முதலில் நாளொன்றின் ஆம்பியர்-மணித் தேவையைக் கணக்கிடுவோம். ஈயமெனில் அதன் இருமடங்கு வாங்குவோம். நள்ளிரவில் கணப்பு அணைந்தபின், மிச்சம்பிடித்த பணத்தால் பயனென்ன?