அகராதியைத் தொலைத்தால் ஆவணம் இல்லை



டேட்டாபேஸ் என்றாலே நம்மில் பலருக்கு நாலு டேபிள் போட்டு, பத்து வரி என்ட்ரி கொடுத்து, லேபில் மார்க் வாங்குவதோடு சரி. அந்தப் பதிவுகளைச் சுருக்கி வைப்பது, சோதனைத் தளத்திலிருந்து நடப்புத் தளத்துக்கும் அங்கிருந்து காப்பகத்துக்கும் கொண்டுபோவது பற்றி யார் கவலைப்படுகிறோம்? கவலைப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

சுருக்குவது பெரிய மாயமில்லை. 'தூத்துக்குடி' என்ற சொல் ஆயிரம் பதிவில் வந்தால், ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதாமல் 7 என்று குறிக்கிறோம். '7 என்றால் தூத்துக்குடி' என்பதை அகராதியில் வைக்கிறோம். லெம்பெல், ஸிவ் இருவரும் 1977, 1978-இல் தந்த வழி இதற்கு அடிப்படை. 2016-இல் வெளிவந்த இசட்-ஸ்டாண்டர்டில் இந்த அகராதியைத் தனிக் கோப்பாகவே வைக்கலாம். அதற்கு ஓர் எண்ணும் உண்டு. வேறு எண்ணுள்ள அகராதியைக் கொடுத்தால் பதிவு திறக்காது.

அகராதியை எதை வைத்துத் தயாரிப்பது? நம்ம ஊர் முத்துக்குளிப்பைப் பாருங்கள். 1955 முதல் 1961 வரை இங்கே குளிப்பு நடந்தது. குளிக்கப்போகிற பாரிலேயே மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டுத்தான் குளிப்பை அறிவிப்பது வழக்கம். அகராதியும் அப்படித்தான். சோதனைத் தளத்தில் 'அஅஅ', 'இஇஇ' என்று பொய்ப்பெயர் போட்டுத் தயாரித்ததை நடப்புத் தளத்துக்குத் தூக்கிப்போனால் பதிவு சரியாகச் சுருங்காது.

அதைவிட ஆபத்து, நடப்பில் புது அகராதி வந்ததும் பழசை அழித்துவிடுவது. காப்பகத்தில் பழைய அகராதியால் சுருக்கிய பத்து வருஷப் பதிவு கிடக்கும். அதில் 7 இருக்கும், 7 என்றால் என்னவென்று சொல்ல ஆளிருக்காது!

2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் நடப்பு டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப் மென்பொருளின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் வேறு வேறாக இருந்ததால் தினசரி பேக்கப்பே விழவில்லை. அதைத் திறந்து பார்த்தவரும் இல்லை. சோதனைத் தளத்துக்காக ஆறு மணி நேரம் முன்னே எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

'இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் கவலை' என்பீர்கள். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா உப்பளத்தில் உழைத்தார் என்பதற்கு அவர் காலில் இருக்கும் வெடிப்பு சாட்சி. ஆனால் நிவாரணம் கொடுக்கிற இடத்தில் அந்தச் சாட்சி செல்லுமா? அங்கே பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் செல்லும். அந்த வரி திறக்கவில்லையென்றால் அவர் உழைக்கவே இல்லை என்றாகிவிடும். நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப்போவது நாம்தானே?

ஆகவே நண்பர்களே, மூன்றே வேலை. பதிவு எங்கே போனாலும் அதன் அகராதியும் எண்ணோடு கூடவே போகட்டும். கடைசிப் பதிவு இருக்கும்வரை பழைய அகராதியை அழிக்காதீர்கள். காப்பகத்திலிருந்து மாதம் ஒரு பதிவையாவது திறந்து படித்துப் பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்டில் பதிவைச் சேமித்ததற்கு மார்க் போடுகிறீர்கள். திரும்ப எடுத்துக் காட்டியதற்கும் போடுங்கள். அப்போதுதான் நாங்கள் கற்றுக்கொள்வோம்!