பேயா? பட்டாணிக் கஞ்சியா?

அமெரிக்காவில் வில்லியம் பீட்டர் பிளாட்டி என்பவர் 1971-ம் வருஷத்தில் "எக்ஸார்சிஸ்ட்", அதாவது பேயோட்டி, என்றொரு நாவல் எழுதினார். ஒரு சிறு பெண்ணைப் பிசாசு பிடித்துக் கொண்டதாகவும், டாக்டர்களெல்லாம் கைவிட்ட பிறகு இரண்டு பாதிரிமார்கள் வந்து அதனோடு மல்லுக்கட்டியதாகவும் கதை. 1973 டிசம்பரில் இது சினிமாவாக வந்தது. பார்க்கப் போனவர்களில் சிலர் கொட்டகையிலேயே மூர்ச்சையாகி விழுந்தார்கள், சிலர் வாந்தியெடுத்தார்கள்.

பயங்கரமான படம், கொடுத்த காசுக்குப் பயந்தோம் என்று அபிப்பிராயம் சொன்னவர்களோடு நமக்குச் சண்டையில்லை. பயப்படுவதற்காகக் காசு கொடுப்பது அவரவர் இஷ்டம். ஆனால் வேறொரு கூட்டத்தார், பிசாசு உண்டென்பதற்கு இப்படமே ருஜு, 1949-ல் அந்நாட்டில் ஒரு பையனுக்கு நடந்த உண்மைச் சங்கதியிலிருந்துதானே கதை பிறந்தது என்கின்றார்கள். அச்சங்கதிக்கு ஆதாரம் என்னவென்று கேட்டால் பேயோட்டிய பாதிரிமார் எழுதி வைத்த நாட்குறிப்பைக் காட்டுகின்றார்கள். மாட்டுத் தரகன் சொல்லே மாட்டுக்கு ருஜுவாகுமா?

நிற்க, படத்தில் வந்த பிசாசின் யோக்கியதையைப் பார்ப்போம். பெண்ணின் வாயிலிருந்து பாய்ந்த பச்சை வாந்தி பட்டாணிக் கஞ்சி. முதுகுப் பக்கம் சுழன்ற தலை, டிக் ஸ்மித் என்ற வேஷ நிபுணர் செய்த பொம்மையின் தலை. பிசாசு வந்ததும் அறை குளிர்ந்து மூச்சு ஆவியாகப் பறந்ததே என்றால், குளிர் யந்திரத்தால் அறையை உறைய வைத்துப் படம் பிடித்தார்கள். பிசாசின் குரலோ மெர்சிடஸ் மக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையின் குரல். முதலில் படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. சண்டை போட்டுத்தான் போட வைத்தார். தன் பெயரைப் போடு என்று சண்டைக்கு நின்ற பிசாசை உலகம் அதற்குமுன் கண்டதுண்டா?

இவ்வளவும் வேடிக்கை என்று நாமும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஜெர்மனியில் நடந்தது சிரிக்கக் கூடியதல்ல. அங்கு ஒரு கல்லூரி மாணவிக்கு வலிப்பு நோய் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தும், பிசாசு என்று பெற்றோர் நம்பினார்கள். பிஷப்பின் அனுமதியோடு இரண்டு பாதிரிமார்கள் சுமார் பத்து மாதத்தில் 67 தடவை பேயோட்டினார்கள். 1976 ஜூலை 1-ந் தேதி, 23 வயதில், அன்ன ஆகாரமின்றிச் சுமார் 30 கிலோ எடையில் அப்பெண் செத்தாள். 1978-ல் கோர்ட்டார் பெற்றோரும் பாதிரிமாரும் குற்றவாளிகளே என்றார்கள். ஆறு மாத தண்டனை விதித்து, அதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். பிசாசு மட்டும் கூண்டிலேறவில்லை!

அப்படம்தான் அவளைக் கொன்றது என்று நாம் சொல்ல வரவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எந்த நம்பிக்கையை உண்மையென்று சொன்னார்களோ, அந்த நம்பிக்கைதான் கொன்றது. கதையில் டாக்டர் தோற்றுப் பாதிரி ஜெயிக்கின்றார். வாழ்க்கையிலோ டாக்டரை விட்டுப் பாதிரியிடம் போனவள் பிணமானாள். இந்த இரண்டில் எது உண்மைச் சம்பவம்?

தோழர்களே! படத்தைத் தாராளமாகப் பாருங்கள், பயப்படுங்கள், வெளியே வந்து சிரியுங்கள். ஆனால் வீட்டில் யாருக்கேனும் வலிப்போ சித்தக் கலக்கமோ கண்டால் ஆஸ்பத்திரிக்கு நடங்கள். அங்கே சிலுவை, இங்கே வேப்பிலை. கையிலிருப்பதுதான் வேறே தவிர, சரக்கு ஒன்றே. கொட்டகையில் கஞ்சிக்குப் பயந்தவன் காசோடு தப்பினான். வீட்டில் பேய்க்குப் பயந்தவன் பெற்ற பெண்ணையே இழந்தான்.